மிளகாய் வறுத்த நாள்

துபாய் போகப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து மிளகாய் வறுக்கும் நெடி வந்து தொண்டையைப் பிடித்தது.

என் சின்ன வயதில், அத்தா சவூதிக்குக் கிளம்பும் நாளிலெல்லாம் எங்கள் திருச்சுழி வீட்டில் இதே நெடிதான். வழியனுப்ப வந்த சொந்தபந்தமெல்லாம் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடும்.

"இன்னைக்குத்தான் வறுக்கணுமா?" என்பார் அத்தா.

"பொடி தீந்துபோச்சு. பஸ்ஸு வந்துரும், கெளம்புங்க" என்பாள் அம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி.

பயணம் போகிறவர் முன்னால் அழக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். அம்மாவுக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை, கல்நெஞ்சுக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். பஸ் ஏற்றிவிடக்கூட அவள் வந்ததில்லை.

இருமிக்கொண்டே அடுப்படிக்குள் போனேன். என் மனைவி சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

"பொடி தீந்துபோச்சு மச்சான். காரு வந்துரும், நீங்க கெளம்புங்க."

அலமாரியிலிருந்த பொடி டப்பாவை எடுத்தேன். கனத்தது. போன வாரம் நானே அருப்புக்கோட்டை மில்லில் அரைத்து வந்த பொடி, விளிம்புவரை அப்படியே இருந்தது.

அம்மாவின் டப்பாவை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.