பெரியக்காவுக்கு ஒரு வணக்கம்

கஜகஸ்தானின் சிம்கென்ட் நகரில் பாடகன் சுங்காத் வந்து பாடினால்தான் மணப்பெண்ணின் முகத்திரை விலகும். தொம்ப்ரா என்னும் இரட்டைத் தந்தி வாத்தியத்தை மீட்டியபடி மாப்பிள்ளை வீட்டு உறவுகளைப் பெயர் சொல்லிப் பாடுவான். முக்காட்டுக்குள் நிற்கிறவள் ஒவ்வொருவருக்கும் குனிந்து வணங்குவாள். ஊரே அவனைக் கொண்டாடும். முப்பத்தெட்டு வயதாகியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று துளைத்தெடுப்பதும் அதே ஊர்தான். ஆண்களைத்தான் பிடிக்கும் என்று அவன் யாரிடம் போய்ச் சொல்ல?

சொல்ல ஓர் இடம் இருந்தது: நாசிபா அக்காவின் அழகு நிலையம். ஞாயிறு மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு இவனைப் போன்ற ஏழெட்டுப் பேர் அங்கே நாடகம் போடுவார்கள், பாடுவார்கள், வாய்விட்டு அழுவார்கள். ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழும் நாசிபாவைக் கூடப்பிறந்தவர்கள் ஒரு கல்யாணத்துக்கும் அழைத்ததில்லை. அந்தக் கூட்டத்திலேயே இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்தபோது சுங்காத் அவர்களுக்கு முகத்திரைப் பாட்டு கட்டினான். "பெரியக்கா நாசிபாவுக்கு ஒரு வணக்கம்!" என்று பாட, இருவரில் முக்காடு போட்டிருந்தவள் குனிந்தாள்.

"போதும்டா பாவி, மை கரையுது," என்று அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வரி ஒரு மாதமாக அவன் வாயை விட்டுப் போகவில்லை. அதுதான் வினையாயிற்று. சொந்தத் தம்பியின் கல்யாணத்தில், முந்நூறு பேர் முன்னால், அம்மா பெயரையும் மாமா பெயரையும் பாடி முடித்த வேகத்தில் அதே வரி வந்து விழுந்தது. புதுப்பெண், பாவம், குனிந்து வணங்கியும்விட்டாள்.

"யாருடா அது? நமக்கு ஏது பெரியக்கா?" என்றாள் அம்மா.

"பய கமுக்கமா ஒருத்திய வச்சிருக்கான் டோய்!" என்றார் மாமா.

சுங்காத் தொம்ப்ராவை நிறுத்தினான். மைக்கிலேயே சொன்னான்: "மன்னிக்கணும், வாய் தவறிடுச்சு. அப்படி யாரும் இல்ல."

மண்டபம் சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு மிச்சத்தைப் பாடி முடித்தான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

யாரோ எடுத்த வீடியோ அன்றே ஊரெல்லாம் சுற்றியது. ஞாயிறன்று கடைக்குப் போனவனுக்கு நாசிபாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அக்கா, எனக்கு வேற வழி..."

"தெரியும்டா. உன் இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்." தேநீரை அவன் கையில் கொடுத்தாள். "வீடியோல அந்தப் பொண்ணு குனிஞ்சா பாரு, அத மட்டும் நாலு தடவ பாத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ மன்னிப்பு கேக்க வாயத் தொறக்குறதுக்குள்ள நிறுத்திட்டேன்."