விரல் வெட்டினவர் வீடு

என் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிடையாது. அண்டார்டிகாவில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கி வானிலை பார்க்கும் வேலையில் இருந்தபோது போனவை. அன்று புயல். வெளியே கருவிக் கூண்டைக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது, அதைக் கட்டப் போனேன். கையுறை கழன்று பறந்தது. காற்று என்னைத் தூக்கி இரும்புக் கம்பத்தில் அறைந்தது. எழுந்தால் மறுபடியும் அறைந்தது. தவழ்ந்தே முகாமுக்குத் திரும்பினேன். உள்ளே வந்து பார்த்தால் இரண்டு விரலும் மெழுகு போல வெளுத்திருந்தன. பிறகு கறுத்தன. முகாம் டாக்டர் எடுத்துவிட்டார். வலித்ததா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். தொண்டை கிழியக் கத்தினேன், போதுமா?

இதையெல்லாம் புத்தகமாக எழுதினேன். ஊருக்குத் திரும்பி, திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர் ஆனேன். எங்கள் தெருவில் அந்தப் புத்தகத்தை ஒரு ஜென்மமும் படிக்கவில்லை. குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் என் கையைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "பனியில போச்சு" என்றேன். அவ்வளவுதான், குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"என்ன டீச்சர், கதை விடுதிய? பனியில சளி பிடிக்கும். விரலா போவும்?"

திருநெல்வேலியில் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் மப்ளர் கட்டிக்கொள்ள ஒரு சாக்கு. அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு இங்கே பல் கிடையாது. ஆனால் விரல் இல்லாத கைக்கு இங்கே ஒரே அர்த்தம்தான்: அரிவாள். அதுவும் பொம்பளை கை என்றால் வெட்டியவன் புருஷன். தெரு தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டது. ஆட்டோக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு அடையாளம் சொல்வதே "விரல் வெட்டுனவர் வீடு" என்றுதான்.

என் கணவர் கல்லூரி நூலகர். கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏந்திக் கொல்லையில் விட்டுவிட்டு வருகிற ஆள். டீக்கடையில் அவருக்கென்று பெஞ்சில் இடம் விட்டார்கள். "அண்ணாச்சிக்கு முதல்ல போடும் வே" என்றார்கள். எதற்கு இந்த மரியாதை என்று அவருக்குப் புரியவே வெகுநாள் ஆனது. புரிந்த அன்று வீட்டுக்கு வந்து அழுதார். பெண்டாட்டியை வெட்டினவனுக்கு முதல் டீயா? விளங்குமா இந்த ஊர்?

அடுத்த வீட்டுக்காரன் லேத் பட்டறை வைத்திருந்தான். குடித்தாலும் பெண்டாட்டியை அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். இந்தப் பக்கம் எங்களுக்கு எல்லாம் கேட்கும். தட்டு பறக்கும், அவள் தலை சுவரில் இடிக்கும். "சத்தம் போட்டே, கொன்னுருவேன்" என்று அவன் குரல் வரும். நான் போய்க் கதவை உடைக்காத குறையாகத் தட்டினால் அவளே வந்து, "ஒண்ணுமில்ல டீச்சர், பாத்திரம் விழுந்துட்டு" என்பாள். உதடு கிழிந்திருக்கும்.

ஒரு சாயங்காலம் அவன் என் கணவரைத் தேடி வந்தான். நான் அடுப்படியில் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுக்கப்படாது. டீச்சரை வெட்டுன பொறவு கேஸ எப்படி ஒண்ணுமில்லாம ஆக்குனிய? அவியளும் பழையபடி சோறு பொங்கிப் போடுதாவளே, எப்படி?"

"நான் வெட்டல வே! அது பனி!" என்று என் கணவர் பதறினார்.

"பெரிய ஆளு அண்ணாச்சி நீங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான், பாவி. இப்படிச் சொல்லித்தான் கேஸிலிருந்து தப்பித்தார் என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் குழாயடியில் அவன் பெண்டாட்டியைப் பிடித்து நிறுத்தி அவன் கேட்டதைச் சொன்னேன். "ஏட்டி, அவன் உன்னை வெட்டத்தான் வழி கேக்கான். பிள்ளையளைக் கூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துரு."

"அவிய அடிப்பாவ டீச்சர், வெட்டல்லாம் மாட்டாவ" என்றாள். அவளையே நாலு அறை விடலாம் போல இருந்தது எனக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் வரும் நேரம், அவளும் நானும் குழாயடியில் நின்றோம். காபி ஆறிப்போனதாம், அதுதான் காரணம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிவாளோடு தெருவுக்கு வந்தான். முதல் வெட்டு அவள் தோளில் விழுந்தது. இரண்டாவதைக் கையால் தடுத்தாள், எலும்பு தெரிந்தது. அண்டார்டிகாவில் என்னை அறைந்த காற்றுக்கு என்மேல் பகை கிடையாது. இவன் பார்த்துப் பார்த்து, கழுத்து எங்கே என்று தேடி வெட்டினான். டீக்கடை ஆண்கள் கிளாஸைப் பிடித்தபடி நின்றார்கள். "புருசன் பொண்டாட்டி சமாச்சாரம், நீங்க போவாதிய டீச்சர்" என்று ஒருவன் எனக்குப் புத்தி சொன்னான்.

நிறைந்த குடத்தைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்தேன். பல் தெறித்தது. விழுந்தவனின் மணிக்கட்டில் ஏறி நின்றுகொண்டு, அதே குடத்தை எடுத்து மறுபடி அடித்தேன். இன்னும் அடித்தேன். சுகமாக இருந்தது, மறைக்க மாட்டேன். என்னை இழுத்துப் பிடித்தது என் கணவர்தான்.

அவளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு வாக்குமூலம் வாங்கப் பெண் போலீஸ் ஒருத்தி வந்தாள். தெருவில் கேட்டால் ஒருத்தரும் பார்க்கவில்லையாம். அவனோ, பெண்டாட்டி அரிவாள்மணையில் விழுந்துவிட்டாள், பக்கத்து வீட்டு டீச்சர் பைத்தியம் பிடித்துத் தன்னை அடித்தாள் என்று சொல்லிவிட்டான். அவனை அடித்த என் சாட்சியும் என் கணவர் சாட்சியும் எடுபடாது, இனி வெட்டுப்பட்டவள் வாய் திறந்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் அவன் வீடு திரும்புவான், மிச்சத்தை வெட்டுவான்.

ராதாபுரத்திலிருந்து வந்திருந்த அவள் அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு முனகினாள். "மணையில விழுந்தேன்னே சொல்லிருட்டி. ரெண்டு பிள்ளைய இருக்கே."

"யாரும்மா வெட்டுனது?" என்று போலீஸ்காரி கேட்டாள்.

"எங்க வீட்டுல அவிய."

"அப்படி எழுத முடியாது. பேரைச் சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து அவன் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில்கூட அட்டையை நீட்டிக் காட்டுகிறவள். எனக்குப் பொறுக்கவில்லை, வாயைத் திறக்கப் போனேன். போலீஸ்காரி கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள்.

அம்மாக்காரி மகளின் வாயைப் பொத்தப் போனாள். "வேண்டாம்ட்டி! புருசன் பேரைச் சொன்னா அவனுக்கு ஆயுசு குறையும்!"

கட்டுப் போடாத கையால் அவள் அம்மாவின் கையை விலக்கினாள்.

"குறையட்டும்" என்றாள். பிறகு பெயரைச் சொன்னாள், இனிஷியலோடு.