இர்மா ஹலாஷ் பார்த்த முதுகு

எங்கள் ஊரில் டெல் ப்ரூயிட்டைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் இர்மா ஹலாஷ் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் யோசித்துப் பேசுவது நல்லது. எங்கள் ஸ்டீமர்ஸ் பேஸ்பால் அணிக்கு டெல் பதினோரு வருடம் வலதுகோடியில் நின்று பந்து பிடித்தவர். அந்தப் பதினோரு வருடமும் அவருக்கு நேர் பின்னால், மைதானத்தின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அவரை வம்புக்கு இழுத்தவள் இர்மா.

சொந்த அணி ஆளையேதான் இழுப்பாள். எதிரணிக்காரனை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அடுத்த வீட்டுப் பிள்ளையைத் திட்ட நமக்கு என்ன உரிமை இருக்கு, லெஸ்டர்? நம்ம பிள்ளைன்னாதான் வாய் வருது."

லெஸ்டர் நான்தான். அன்றைக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவன், இன்றைக்கு ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளை வாங்கி விற்கிற கடை வைத்திருப்பவன். இந்த விஷயத்தில் நான் நடுநிலை கிடையாது. இர்மாவின் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இர்மா முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். தலையைத் திருப்பாமலே கடைசி சீட்டு வரை போய்ச் சேருகிற குரல். அதே குரல்தான் மைதானத்துக்கும். கெட்ட வார்த்தை பேச மாட்டாள், குடும்பத்தை இழுக்க மாட்டாள். டெல் சுலபமான பந்து ஒன்றைக் கோட்டை விட்ட நாளில், எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒருவன் அவருடைய அம்மாவை இழுத்துக் கத்தினான். இர்மா அவன் தோளைத் தட்டினாள்.

"தம்பி, நீ டிக்கெட் வாங்கினது ஆட்டம் பார்க்க. அவங்க அம்மாவைப் பத்திப் பேச இல்ல. உக்காரு."

உட்கார்ந்தான். மீதி ஆட்டம் முழுக்க வாயே திறக்காமல் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

மற்றவர்கள் எல்லோரும் எப்போது பார்த்தாலும் கத்துவார்கள். இர்மா அப்படி இல்லை. பந்து வீசுபவர் அசையாமல் நிற்பார், டெல் குனிந்து முழங்காலில் கை வைப்பார், மைதானமே ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த நொடிக்காகக் காத்திருந்து ஒரே ஒரு வரி விடுவாள். சில நாள் அதையும் விட மாட்டாள். வருது, வருது என்று டெல்லின் கழுத்து விறைத்துக்கொண்டே போவது எங்கள் பெஞ்சிலிருந்து நன்றாகத் தெரியும். அவள் நிதானமாக சாசேஜ் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருப்பாள். பாவம் அந்த மனுஷன் என்று நானே நினைத்திருக்கிறேன்.

டெல் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பியது ஒரே ஒருமுறை. எண்பத்து நான்காம் வருடம், கோடைக்காலம். அன்று இரண்டு தடவை மட்டையைச் சுழற்றிக் காற்றை மட்டும் அடித்துவிட்டு வந்து தன் இடத்தில் குனிந்து நின்றார். இர்மா காத்திருந்தாள். பிறகு விட்டாள்.

"டெல், என் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் குறையுது. அந்த மட்டையைக் குடுத்துடேன். உனக்குத்தான் உபயோகமில்லையே!"

டெல் எங்கள் பக்கம் தலையைத் தூக்கி வாய்விட்டுச் சிரித்தார். ஓரத்தில் இருந்த படக்காரர் ஒருவர் அதை எடுத்துவிட்டார். அடுத்த வருட அட்டையில் அந்தப் படம்தான் வந்தது. எல்லா ஆட்டக்காரர்களும் மட்டையைத் தூக்கிக்கொண்டு முறைக்கிற அட்டைகளுக்கு நடுவில், பக்கவாட்டு முகம், எல்லாப் பல்லும் தெரிகிற சிரிப்பு. சேகரிப்பவர்கள் அதைச் சிரிப்பு அட்டை என்பார்கள்.

அவர் எதற்குச் சிரித்தார் என்பதுதான் என் கடையில் முப்பது வருடச் சண்டை. ஒரு பக்கம் இர்மா. இன்னொரு பக்கம் நார்பர்ட், ஓய்வுபெற்ற பல் டாக்டர். டெல்லின் எல்லா அட்டைகளையும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறான். பல்லைப் பார்த்தே சிரிப்பின் காரணம் சொல்லிவிடலாம் என்று நினைப்பு.

"மைதானத்துக்குள்ள நாய் ஓடியிருக்கும், இர்மா."

"நாயைப் பார்க்கிறவன் மேலேயா பார்ப்பான்?"

"அப்போ கடல்புறா."

"நீ அன்னிக்கு எங்க இருந்தே?"

"கிளினிக்ல."

"அப்போ வாயை மூடிட்டு இரு. அதை நீ தினமும் அடுத்தவங்ககிட்ட திறக்கச் சொன்னதே போதும்."

சண்டை இப்படியே சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் போன வருடம் இர்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, குரல்தான் போய்விட்டது. மிச்சம் இருந்தது காற்று கலந்த ஒரு கரகரப்பு. எதிரே உட்கார்ந்தால்தான் கேட்கும். கடையில் நார்பர்ட் வேண்டுமென்றே சத்தமாக நாய்க் கதையைச் சொல்வான், அவளால் குறுக்கே விழ முடியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈஸ்டருக்கு முன் இறைச்சி விலக்குகிற தவக்காலத்தில் எங்கள் தேவாலயக் கூடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் மீன் பொரிப்பார்கள். இந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமைக்கு டெல் ப்ரூயிட்டே வந்து அட்டைகளில் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டார். செய்தி வந்ததுமே நார்பர்ட், "அவரையே கேட்டுடுவோம். எல்லார் முன்னாலயும்," என்றான்.

இர்மா என்னைப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னாள். "கேளு. அவர் சிரிச்சது என்னால இல்லேன்னு அவரே சொல்லிட்டா, இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

அந்தக் கதையையும் எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்? ஆனால் அவள் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. பேருந்தைப் பின்னால் எடுக்கிறவள் முகம் மாதிரி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. டெல் தலை நரைத்து, இடுப்பு பெருத்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் தங்கள் நினைவைச் சொன்னார்கள். அந்த கேட்ச், அந்த மழை நாள், கடைசி ஆட்டம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாதி ஞாபகமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

இர்மாவின் முறை வந்ததும் சிரிப்பு அட்டையைக் குப்புற வைத்தாள்.

"திருப்பி வை," என்று நார்பர்ட் பதறினான். "கையெழுத்து முகத்துப் பக்கம்தான் போடணும். இல்லேன்னா மதிப்பே போச்சு."

"முகத்தை நான் ஒரு நாள்தானேப்பா பார்த்தேன்? பதினோரு வருஷமா நான் பார்த்தது முதுகு. அந்தப் பக்கம் போடச் சொல்லு."

டெல் பேனாவைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தார். நார்பர்ட் விடவில்லை. "சார், இந்தப் படத்துல எதுக்குச் சிரிக்கிறீங்க? இவங்க தன்னைப் பார்த்துதான்னு சொல்றாங்க."

"பின்பெஞ்சுல ஒரு அம்மா," என்றார் டெல். "என் மட்டையை மேசைக்கால் ஆக்கணும்னாங்க. ஆனா அதை நான் நிறைய இடத்துல சொல்லிட்டேன். நான்தான் அதுன்னு ஊருக்கு ஊர் ஒரு அம்மா வந்துடறாங்க. முகத்தை நான் பார்க்கல. வெயில் கண்ணுல அடிச்சுது. குரல் மட்டும்தான் தெரியும். பெரிய குரல்."

கூடம் இர்மாவைப் பார்த்தது. "அந்தக் குரல் போயிடுச்சு," என்றாள் அவள். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. நார்பர்ட்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

டெல் எழுந்து, நாற்காலியை முழுக்கத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். முழங்காலில் கை வைத்துக்கொண்டார்.

"முன்னாலிருந்து உங்களைக் கேட்டுப் பழக்கமில்லம்மா. இப்போ சொல்லுங்க."

இர்மா பையைக் கீழே வைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். சொல்லவில்லை. வரிசையில் பேச்சு அடங்கியது. சமையலறையில் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. டெல்லின் கழுத்து மெல்ல விறைத்தது. நான் அந்தக் கழுத்தை அடையாளம் கண்டுகொண்டேன். இர்மா இன்னும் காத்திருந்தாள்.

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் லேசாக, அப்புறம் நாற்காலியே ஆடுகிற அளவுக்கு.

"சார், அவங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே," என்றான் நார்பர்ட்.

"அதான்யா," என்றார் டெல், திரும்பாமலே, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பதினோரு வருஷம் என்னை இப்படித்தான் காக்க வெச்சாங்க. வேற யாருக்கும் இது வராது."

அத்தனை பேரும் மூச்சைப் பிடித்திருந்த அந்த நொடியில், இர்மா இருக்கிற கரகரப்பை வைத்துக்கொண்டு ஒரு வரி விட்டாள். கடைசி மேசை வரை கேட்டது.

"டெல், முதுகு ரொம்ப அகலமாயிடுச்சு. எனக்கு ஆட்டம் மறைக்குது."