என் இனிஷியலின் சொந்தக்காரர்

காளவாசலில் ஒரு மொபைல் கடைக்கு மேலே இருந்த அந்த ஏஜென்சி அலுவலகத்தில், என் ஃபைலைப் புரட்டியவர் நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார். "சிஸ்டர், ஒங்க பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கு. நர்சிங் சர்டிபிகேட்ல வெறும் இனிஷியல்தான் இருக்கு. ரெண்டும் ஒரே ஆளான்னு அயர்லாந்துல கேக்குறாய்ங்க. அப்பாட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க. அது இல்லாம ஒர்க் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ண முடியாது."

"அப்பா எங்களோட இல்ல சார்."

"தவறிட்டாரா? அப்ப டெத் சர்டிபிகேட் குடுங்க, போதும்."

"இல்ல சார், உயிரோடதான் இருக்காரு. சமயநல்லூர்ல."

"அப்புறம் என்ன சிஸ்டர்? பக்கத்துலதானே. ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க."

செத்துப்போன அப்பாவுக்கு ஒரு சான்றிதழ் இருக்கிறது. விட்டுவிட்டுப் போன அப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போதே எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவர் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்த்ததில்லை. அம்மா பசுமலையில் ஒரு பள்ளிக்கூட வேனில் ஆயாவாக வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, மத்தியானம் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு, சாயங்காலம் மறுபடி வேன் ஏறுவாள். அப்படித்தான் நான் நர்சிங் முடித்தேன். ஆனால் என் ஒவ்வொரு மார்க் ஷீட்டிலும் என் பேருக்கு முன்னால் அவருடைய எழுத்துதான் நின்றது. பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது, குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டால் வெளிநாட்டில் சிக்கல் வரும் என்றார்கள். அந்த இடத்தில் அவர் பெயர் முழுசாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

அம்மாவிடம் சொன்னேன். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"போயி வாங்கிட்டு வா. கையெழுத்துதானே. போட்டா அவன் கையி தேஞ்சா போயிரும்?"

"ஒனக்குக் கோவமே வராதாம்மா?"

"கோவப்பட்டுக்கிட்டே நின்டுருந்தா ஒன்னைய யாரு படிக்க வச்சிருப்பா? வேணும்னா நானும் வாரேன்."

வேண்டாம் என்று கத்தினேன். அவளை அந்த ஆள் முன்னால் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசில்லை.

சமயநல்லூரில் மெயின் ரோட்டு மேலேயே பெயிண்ட் கடை வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது. கல்லாவில் இருந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாம்மா. என்ன வேணும்? வீட்டுக்கு உள்ளயா, வெளியவா?"

பெயிண்ட் வாங்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். இந்த முகத்தை இத்தனை வருஷமாக நான் மறக்கவில்லை. அவருக்கோ நான் யாரோ ஒரு கிராக்கி. என்ன சொல்லி என்னை அறிமுகப்படுத்திக்கொள்வது? அம்மாவின் பெயரைச் சொல்லி, அவளுடைய மகள் என்றேன்.

ஒரு நிமிஷம் முகம் வெளுத்தது. பிறகு அந்த முகத்தில் நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. அப்பாவாகவே மாறிவிட்டார்! ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீக்குச் சொன்னார். எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டு, பிரஷ் வாங்க நின்றிருந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மாப்ள, இது எம்மூத்த மக. நர்சு. ஃபாரின் போகுது. இதப் படிக்க வைக்க எம்புட்டுக் கஷ்டப்பட்டோம் தெரியுமா?"

"யாரு படிக்க வச்சது?" என்றேன். குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் சிரித்தார். "அம்மா மாதிரியே கோவம் வருது பாரு" என்றார் அந்த மாப்பிள்ளையிடம். அம்மாவின் கோபத்தை அவர் எங்கே பார்த்தார்? அது வெளியே வரும் முன்னால் ஓடிப்போன ஆள்தானே.

தட்டச்சு செய்துகொண்டு போயிருந்த தாளை நீட்டினேன். வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். பேனாவைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"போடுறேன் தாயி. நீ போற ஊருக்கு ஒந்தம்பியையும் இழுத்துக்க. ஐ.டி.ஐ. முடிச்சிட்டுச் சும்மாதான் சுத்துறான்."

அப்படியொரு தம்பியை நான் பார்த்ததே இல்லை. அவருக்கு அதுவும் போதவில்லை.

"அப்புறம், ஒங்கம்மா ஏன் வரல? அவ வந்து ஒரு வார்த்த கேக்கட்டும். ஒடனே போட்டுத் தாரேன்."

அவர் விரலுக்கு அடியிலிருந்து தாளை உருவினேன். ஓரம் கிழிந்து ஒரு துண்டு அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"எங்கம்மா ஒங்கிட்ட வந்து எதுக்குக் கேக்கணும்?" அவரை முதல் தடவையாக ஒருமையில் பேசினேன். டீ அப்படியே இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அழுகை வரவில்லை. வந்திருந்தால் கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கூட வேலை பார்த்த ஒரு நர்ஸ் சொல்லித்தான் மறுநாள் கோர்ட்டுப் பக்கம் ஒரு நோட்டரி வக்கீலம்மாவிடம் போனேன். போனில் யாரிடமோ சௌராஷ்டிர மொழியில் சத்தமாகப் பேசிக்கொண்டே என் தாள்களைப் பார்த்தார். போனை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்பா கையெழுத்து வேணும்னு ஒனக்கு யாருமா சொன்னது?"

"ஏஜென்சில சொன்னாங்க மேடம்."

"நீ மேஜர். பேரு ஒன்னோடது. ரெண்டு பேருலயும் இருக்குறது நாந்தான்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. ஒங்கப்பன் எதுக்கு இதுல?"

அங்கேயே டைப் அடித்து, நானே கையெழுத்துப் போட்டு, அவர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயத்துக்காகத்தான் நான் அந்தக் கடை ஸ்டூலில் போய் உட்கார்ந்திருந்தேன்.

நேராகக் காளவாசல் போனேன். தாளை மேஜையில் வைத்தேன். ஏஜென்சிக்காரர் பார்த்துவிட்டு, "இதுவும் ஓகேதான் சிஸ்டர்" என்றார்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பொதுவா அப்பா, இல்லாட்டி வீட்டுக்காரருட்டதான் வாங்கிட்டு வருவாங்க..."

"பொதுவாவா? ஒங்க பொதுவுக்கு நான் எங்க போயி நின்டுட்டு வந்தேன்னு தெரியுமா சார்?" என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் என் பின்னாலேயே படியிறங்கி வந்தாள்.

"அக்கா, என்னைய வீட்டுக்காரரு கையெழுத்து வேணும்னு மூணு மாசமா அலைய விடுறாங்க. அவரு போட மாட்டேங்கிறாரு. எனக்கும் அந்த வக்கீலு எழுதிக் குடுப்பாங்களா?"

எந்தப் பஸ் ஏற வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

பெர்மிட் மெயிலில் வந்தது. செல்போனைப் பிடுங்கி அம்மா பார்த்தாள். எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்.

"இதுல முன்னாடி நிக்கிறது அவன் பேருதானே?"

"ஆமாம்மா. குடும்பப் பேரை முதல்ல போடுவாங்க."

"எந்தக் குடும்பம்?" என்றாள். செல்போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள். "இம்புட்டு வருசமா நாய்ப்பாடு பட்டது நானு. அங்க போயும் அவன் பேரச் சொல்லியாடி ஒன்னையக் கூப்பிடுவாய்ங்க?" அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

அவள் சொன்னபடியேதான் ஆனது. இங்கே அயர்லாந்தில், வார்டில் முதல் வாரம் முழுக்க என்னை அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பேசாமல் நிற்பேன். வார்டு பொறுப்பாளரிடம் சொல்லி பேட்ஜில் என் பெயரை மட்டும் போட வைத்தேன். சம்பளச் சீட்டிலும் பேங்கிலும் இன்னும் அவர்தான் இருக்கிறார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரை அம்மா பெயருக்கு மாற்ற எழுதிப் போட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் அதை அம்மாவிடம் சொன்னேன்.

"எம்பேரா? அது பட்டிக்காட்டுப் பேருடி. வெள்ளக்காரய்ங்க வாயில நொழையுமா?"

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. நுழையட்டும், பழகிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.