மூன்றாம் நம்பர் கேம்ஷாஃப்ட்

பட்டறையில் அவளை எல்லோரும் ஹெட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைப் பிரித்து, வால்வுகளைச் சீராக்கி, திரும்பப் பூட்டுவது இருபத்தாறு வருடமாக அவள் வேலை. "ஊர்ல பாதிப் பேரோட தலை என் கையிலதான்" என்று ஆரம்பத்தில் அவளே சொல்லிச் சிரித்ததுண்டு. இப்போது வேறு யாராவது சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவாள். ஐம்பத்தொரு வயதாகிவிட்டது. வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை இறுக்கிக் கட்டியிருக்கும். அது இல்லாமல் ஸ்பேனர் பிடிக்க முடியாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் தம்பி வந்தான். அவனுடைய பழைய கார் ஆயிலைக் குடித்துப் புகையாகக் கக்கிக்கொண்டிருந்ததால், இன்ஜினை இறக்கி முழுசாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

"எப்படியும் பிரிச்சாச்சு. அப்படியே கொஞ்சம் பவரையும் ஏத்திடலாம்கா" என்றான். கையில் மடங்கிக் கசங்கிய ஒரு கேட்லாக். அதில் அவன் வண்டிக்கு, வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மூன்று விதமாகப் போட்டிருந்தது. மூன்றாவதைச் சுற்றிப் பேனாவால் வட்டம்.

அவள் பழைய வால்வு ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக அளவுக் கருவியில் வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டில் இரண்டு சோர்ந்து போயிருந்தன.

"மூணாவது ரேஸ் ஓட்டறவனுக்குடா. வால்வை ரொம்ப ஒசரத்துக்குத் தூக்கும், ரொம்ப நேரம் திறந்தே வச்சிருக்கும். வேகத்துல பறக்கும், மெதுவாப் போனா உயிரே இருக்காது. நீ ஒண்ணாம் நம்பரைப் போடு. அதுவே பழசைவிட நல்லா இழுக்கும்."

"ஒண்ணாம் நம்பர் போட்டா யாருக்குக்கா வித்தியாசம் தெரியும்? லிப்ட் ரிப்பேர் பாத்துப் பாத்து நானே மேலயும் கீழயும் போற பெட்டி மாதிரி ஆயிட்டேன். ஒரு ஆசை, அவ்வளவுதான்."

"ஆசைக்கு இந்த ஸ்பிரிங் தாங்காது. அவ்வளவு ஒசரத்துக்கு அமுக்கினா சுருளும் சுருளும் முட்டிக்கும். வேகம் ஏறினா வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்து அடிச்சிடும். கெட்டி ஸ்பிரிங் வேணும்."

"அப்போ கெட்டியாப் போடு."

"காலையில வண்டியை எடுக்கறது யாரு?"

"அவதான். ஆஸ்பத்திரி டூட்டிக்கு."

"அவகிட்ட கேட்டியா?"

"ஸ்டியரிங் இருந்தா அவளுக்குப் போதும்."

தம்பி பெண்டாட்டிக்கு ஒரு போன் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. போனைக் கையில் எடுக்கவும் செய்தாள். வெளியே இரண்டு பேர் தங்கள் ஹெட்டுக்காகக் காத்திருந்தார்கள். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. பேசினால் அங்கே ஒரு சண்டை கிளம்பும், அதைத் தீர்க்க இங்கே ஒரு பேச்சு, அதற்கு மேல் ஒரு சமாதானம். போனை வைத்துவிட்டாள். "சரி, வாங்கிட்டு வா" என்றாள்.

செய்த வேலையில் அவள் குறை வைக்கவில்லை. ஸ்பிரிங் உட்காரும் உயரத்தை எட்டு இடத்திலும் அளந்தாள். பிஸ்டன் தலையில் களிமண்ணை ஒட்டி, கையால் இன்ஜினைச் சுற்றி, வால்வு எவ்வளவு பதிகிறது என்று பார்த்தாள். ஓடவிட்ட முதல் இருபது நிமிஷமும் பக்கத்திலேயே நின்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி போனில், "பறக்குதுக்கா" என்றான். குரல் இருபது வயசுக்காரன் குரலாக இருந்தது.

வண்டி எடுத்துப் போன பதினோராம் நாள் அவன் பெண்டாட்டி டூட்டி உடுப்போடு பட்டறைக்கு வந்தாள். கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வண்டிக்கு என்ன ஆச்சு? ஒரு சிக்னல் விடாம அணைஞ்சு போகுது. நிக்கும்போது பல்லெல்லாம் கிடுகிடுங்குது. ஆஸ்பத்திரி மேட்டுல ஏற மாட்டேங்குது, வாட்ச்மேன்தான் தள்ளி விடறாரு. மூணு நாளா ரெண்டு பஸ் மாறிப் போறேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"அக்கா கட்டின இன்ஜின், குத்தம் சொல்லாதேன்னாரு. அதான் வாயை மூடிட்டு இருந்தேன்."

ஹெட்டு அக்கா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "இன்ஜின் சரியாத்தான் இருக்கு. அது அப்படித்தான் ஓடும். வண்டி ஓட்டறவ நீ. உன்னைக் கேக்காமப் போட்டது என் தப்பு."

"உங்க தம்பி சொல்லியிருக்கணும்."

"அவன் சொல்ல மாட்டான்னு எனக்குத் தெரியுமே. தெரிஞ்சுதான் போட்டேன். அன்னிக்கு மல்லுக்கட்டத் தெம்பில்ல."

பக்கத்தில் இன்னொரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அவளும் உட்கார்ந்தாள். ஒருத்தி கால்வலியோடு, ஒருத்தி கைவலியோடு.

அடுத்த வாரம் மூன்றாம் நம்பரைக் கழற்றி ஒன்றாம் நம்பரைப் போடும் வேலை, அதற்கேற்ற ஸ்பிரிங்குகளோடு. ஹெட்டைக் கழற்றாமலே முடிக்கலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பருத்திக் கயிற்றை உள்ளே திணித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்தால், கயிறு வால்வுகளைக் கீழே விழாமல் தாங்கிக்கொள்ளும். அப்புறம் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றலாம். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கயிற்றைத் திணித்தான்.

"கெட்டி ஸ்பிரிங்காவது இருந்துட்டுப் போகட்டுமேக்கா."

"வேண்டாம். சின்ன கேமுக்கு அவ்வளவு அழுத்தம் ஆகாது, தேய்ச்சே தின்னுடும். அதுக்குன்னு உள்ளதைத்தான் போடணும்."

ஆறாவது ஸ்பிரிங்கில் அவள் கை நின்றுவிட்டது. விரல் மடங்கவில்லை. கருவியை அவனிடம் கொடுத்து, எப்படி அமுக்குவது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கடைசி மூன்றுக்கும் அவன் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டான். இரண்டு முறை ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் குட்டிப் பூட்டு எகிறிப் போய்த் தரையில் தேடினான். அதற்கப்புறம் பேச்சில் பழைய முறுக்கு இல்லை.

சாயங்காலம் இன்ஜின் ஓடியது. தம்பி பெண்டாட்டி நாலு தெரு சுற்றிவிட்டு வந்து, "நிக்குது, கிளம்புது. போதும்" என்றாள்.

அவன் பானட்டை மூடிக்கொண்டே, "அந்த ஒரு ஞாயித்துக்கிழமை நல்லாத்தான்கா இருந்துச்சு" என்றான்.

"இருந்திருக்கும்டா" என்றாள் அவள். அவனைக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை.

வீட்டில் இறக்கிவிடுகிறோம் என்று பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். தம்பி பெண்டாட்டிதான் ஓட்டினாள். முதல் சிக்னல் வருவதற்குள் ஹெட்டு அக்கா கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். வீடு வந்ததும் தம்பி எழுப்பப் போனான். "விடுங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் தூங்கட்டும்" என்று அவன் பெண்டாட்டி இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தாள்.