கம்பளைத் தொகுதியும் அம்மாவின் ஐந்து புள்ளடிகளும்

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கண் ஆபரேஷனுக்கு முன்னால் கம்பளையில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் முதன்முதலாக வாக்களித்த இடம். சரி என்று போன சனிக்கிழமை குண்டசாலையிலிருந்து கிளம்பினோம்.

கண்டியில் 8.20க்குப் பஸ். கம்பளைக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், ஆளுக்கு நூறு ரூபாய். கெலிஓயா தாண்டியதும் அம்மா மெல்லச் சொன்னார். "அந்த ஓட்டை நான் வீணாக்கிட்டேன்டி."

கதை இதுதான். 1947 தேர்தலில் கம்பளை தனக்கென்று ஓர் உறுப்பினரை அனுப்பும் தனித்தொகுதி, தாத்தா வாக்களித்தார். அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத்துச் சனங்களை நாடற்றவர்களாக்க, வாக்கும் போயிற்று. அப்பா வாழ்நாளெல்லாம் விண்ணப்பம் நிரப்பினார். கடைசியில் வாக்காளர் பட்டியலில் இருவர் பெயரும் ஏறியது. 1989 தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில் அப்பா கண்ணை மூடிவிட்டார். அம்மா தனியாகப் போனபோது தனித்தொகுதியும் இல்லை, கண்டி மாவட்டம் முழுவதும் ஒன்றாகியிருந்தது. கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி; அதன் வேட்பாளர்களில் மூன்று பேருக்கு மட்டும் விருப்பு வாக்கு. அம்மா ஐந்து பேருக்குப் போட்டுவிட்டார்!

"அஞ்சு பேரும் நம்ம லயத்து வீட்டுக்கே வந்து கும்பிட்டாங்க. அதுவரைக்கும் நம்மளை யாரு கும்பிட்டா? யாரை விடுறது?"

வெளியே வந்து சொன்னதும், வரிசையில் நின்ற ஒருத்தி "செல்லாது" என்று சொல்லிவிட்டாளாம். "உங்கப்பா பாடுபட்டு வாங்கினது. அவருக்காகத்தான் போட்டேன். பாவி, கெடுத்துட்டேன்." இத்தனை வருடம் இதை மனதில் பூட்டி வைத்திருக்கிறார்.

9.25க்குக் கம்பளை. "ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்துக்குப் போங்க தம்பி" என்றார் அம்மா. ஆட்டோக்காரர் சிரித்தார். "இன்னைக்கு எலெக்‌ஷன் இல்லையே அம்மா!" வழி சொல்லிப் போய்ச் சேர்ந்தோம், 250 ரூபாய். கேட் பூட்டியிருந்தது. எதிர்வீட்டு ஜமால்தீன் மாஸ்டர், ஓய்வு பெற்ற ஆசிரியர், எங்களைப் பார்த்துவிட்டார்.

"வெயில்ல நிக்காதீங்க, உள்ளுக்கு வாங்க" என்று உட்காரக் கதிரை போட்டு, பால் கலக்காத பிளேன்டீயும் கொடுத்தார். 1989 தேர்தலில் வாக்கு எண்ணப் போனவராம். அதைக் கேட்டதும் அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அட அல்லாஹ்வே, இதுக்கா இவ்வளவு காலம்!" என்றார் மாஸ்டர். "மூணுக்கு மேல போட்டா விருப்பு வாக்கு மட்டும்தான் போகும். கட்சிக்குப் போட்ட புள்ளடி செல்லும். நாங்களே அப்படித்தானே எண்ணினோம்."

"மெய்யாவா நானா?" அண்ணனைக் கூப்பிடுவதுபோல அம்மா கேட்டார்.

"மெய்தான் அம்மா."

அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த மனிதருக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பள்ளிக்கூட நாளில், அதிபரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். பழைய தொகுதியைச் சொல்லும் பலகை எதையும் நாங்கள் காணவில்லை. பெயர் மட்டும் வாக்கெடுப்புப் பிரிவாக மிஞ்சியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் கூச்சப்படாமல் விசாரியுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "அந்த அஞ்சு பேருல யாரும்மா ஜெயிச்சா?"

"அது யாருக்குடி தெரியும்?" என்றார் அம்மா. "உங்கப்பா ஓட்டு செல்லுச்சுல்ல!"