சாக்கோடு நாற்பத்தெட்டு

ராஜபாளையத்தில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் நான் நிறுவைக்காரனாக இருந்தேன். மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து முழங்கால் உயரத்துக்கு ஒரு தூக்குத் தூக்கி இறக்குவேன். தராசில் ஏற்றுவதற்கு முன்னாலேயே இன்ன எடை என்று சத்தம் போட்டுச் சொல்லிவிடுவேன். அப்புறம் தராசில் ஏற்றி, கழிவைக் கழித்துப் பார்த்தால் நான் சொன்னதுதான் வந்து நிற்கும். வண்டிக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். "ஏலே, இவரு கைக்குள்ள தராசு முள்ளு இருக்குலே" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்துப் போயிருந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கழிவு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சாக்கின் எடைக்கு ஒரு கழிவு. பருத்தியில் ஈரம் இருக்கும் என்று ஒரு கழிவு. தூசி, தும்பு, இலைச்சருகு என்று இன்னொரு கழிவு. பேட்டையில் எல்லாக் கடையிலும் உள்ள மாமூல்தான். ஈரம் இருந்தாலும் கழிப்போம், இல்லாவிட்டாலும் கழிப்போம், சரக்குக்காரரிடம் சொல்லாமலே கழிப்போம். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது அப்படித்தான் இருந்தது. சோற்றில் போட்ட உப்பைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? அப்படித்தான். போகப் போக, மூட்டையைத் தூக்கினால் கழிவு போக மிச்ச எடைதான் என் வாயில் வரும். முழு எடை என்ன என்று கேட்டால் நான் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஒருவரும் கேட்டதில்லை.

என் மனைவியின் அக்காளை நான் மதினி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே கணவரைப் பறிகொடுத்தவர். மகாராஜபுரத்தில் ஒரு கிணற்றுத் தோட்டம், அதில் கம்போடியாப் பருத்தி. அந்தப் பருத்திதான் அவருக்கும் பிள்ளைகளுக்கும் வருஷச் சாப்பாடு. அந்தப் பக்கத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே சரக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மதினி மட்டும் அதையும் தாண்டி ராஜபாளையம் வரைக்கும் வண்டி பிடித்து வருவார். மாட்டுக்கும் பாடு, மனுஷருக்கும் பாடு. ஏன் இப்படி அலைகிறாய் என்று யாராவது கேட்டால், "அங்க நம்ம வீட்டு ஆளுல்லா நிறுக்காரு. அவரு சொன்னா வேதவாக்கு" என்பார். அதைக் கேட்டு நான் மீசையைத் தடவிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமனார் வீட்டாரின் கிறிஸ்தவ சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். விளைந்ததில் முதல் பங்கைக் கோவிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். கம்பு, சோளம், வாழைத்தார், கோழி, முட்டை எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் வாசலில் போட்டு ஏலம் விடுவார்கள். நாங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தவறாமல் போவோம். அந்த வருஷம் மதினி ஒரு சின்னச் சாக்கு நிறையப் பருத்தி காணிக்கை வைத்திருந்தார். புதிதாக வந்திருந்த பாதிரியார் உற்சாகமான மனிதர். இதை ஏலம் விடுவதற்கு முன்னால் ஒரு விளையாட்டு வைப்போம் என்றார். ஆளுக்கு ஒரு படி தானியம் காணிக்கை கொடுத்துவிட்டுச் சாக்கைத் தூக்கிப் பார்க்கலாம், எடை சொல்லலாம். யார் சொன்னது கிட்டத்தில் வருகிறதோ அவருக்கு ஒரு செப்புக் குடம் பரிசு. குடம் வெயிலில் தகதகவென்று இருந்தது. என் மனைவி அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாதிரியார் படியில் நின்றுகொண்டு விளையாட்டின் விவரங்களைச் சொல்ல ஆரம்பித்தார். நான் என் மனைவியின் தங்கை புருஷனான சகலையோடு சுக்குக் காப்பி குடிக்கக் கிளம்பினேன்.

"ஏங்க, ஐயா என்னமோ ரூல் சொல்லுதாரு. செத்த நேரம் நின்னு கேட்டுட்டுப் போங்க" என்றாள் மனைவி.

"பருத்தியத் தூக்கி எடை சொல்றதுக்கு எனக்கு ரூலா? மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்காராக்கும்" என்றேன். சகலை சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கு இன்னும் குளிர்ந்துவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பிள்ளைகளுக்கு வாய் ஓயாமல் சொல்கிற ஆள் நான்!

காப்பி குடித்துவிட்டு வந்தபோது பாதிப் பேர் தூக்கி முடித்திருந்தார்கள். ஒருவர் முப்பது ராத்தல் என்றார், ஒருவர் அறுபது என்றார். உபதேசியார் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வாத்தியார் சம்சாரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, சாக்கை இடுப்பில் தூக்கி வைத்துப் பார்த்தாள். "எங்க மூத்த பயலத் தூக்குன மாதிரியே இருக்கு. போன மாசந்தான் ஆஸ்பத்திரியில அவன நிறுத்தாக. நாப்பத்தேழுன்னு போட்டுக்கோங்க" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

என்னைக் கண்டதும் வழி விட்டார்கள். மதினி கூட்டத்தைப் பார்த்து, "ஏன் எல்லாரும் சும்மா தூக்கி இடுப்பப் பிடிச்சுக்கிடுதீக? கொடத்த இப்பவே எந் தங்கச்சி கையில குடுத்துருங்க" என்றார். அவர் முகம் பெருமையில் பூரித்திருந்தது. அந்த முகம்தான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

நான் ஒரே கையால் தூக்கினேன். அது ஒரு திமிர். இறக்கி வைத்துவிட்டு, கடையில் சொல்கிற ராகத்திலேயே, "நாப்பத்தொண்ணு ராத்தல்!" என்றேன்.

மிளகாய் மண்டி வைத்திருந்த பாய் ஒருவரின் கடையிலிருந்து தராசை இரவல் வாங்கியிருந்தார்கள். பாயே கூட வந்து வேப்பமரக் கிளையில் அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சாக்கை ஏற்றிக் கல்லைப் போட்டார். நாற்பத்தொன்றுக்குக் கல் வைத்தபோது சாக்கு தரையை விட்டு எழும்பவில்லை. மேலே ஒன்று போட்டார், எழும்பவில்லை. இன்னொன்று போட்டார். நாற்பத்தெட்டில் முள் நேராக நின்றது.

குடம் வாத்தியார் சம்சாரத்துக்கு. அவள் பையனை யாரோ தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அத்தோடு விட்டிருந்தால் யானைக்கும் அடி சறுக்கும் என்று போயிருக்கும். நான் விடவில்லை.

"தராசு பிசகு" என்றேன்.

பாய்க்குச் சுருக்கென்றது. "ஏன்யா, தோத்தா தராசு மேலயா பழி? காலையிலதான் கல்லச் சரிபாத்துக் கொண்டாந்தேன். வேணும்னா தட்ட மாத்திப் போட்டு நிறுத்துப் பாரும்" என்றார். மாற்றிப் போட்டு நிறுத்தார்கள். அதே நாற்பத்தெட்டு.

"சாக்கு! நான் சாக்கு போகச் சொன்னேன்" என்றேன்.

பாதிரியார் பொறுமையாகச் சொன்னார். "சாக்கோடு, இருக்கிறபடியே எடை சொல்ல வேண்டும் என்று முதலிலேயே சொன்னேனே. அப்போது நீங்கள் இங்கே இல்லையோ?"

என் மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். "பரிசு எனக்கு வேண்டாம். என் கை தப்பாதுங்கிறது தெரியணும். பருத்தியக் கொட்டிட்டு வெறுஞ்சாக்க நிறுத்துப் பாருங்க" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணல் நான்தான்.

தரையில் ஓலைப்பாய் விரித்துப் பருத்தியைக் கொட்டினார்கள். வெள்ளை வெளேரென்று குவிந்தது. வெறுஞ்சாக்கைத் தராசில் போட்டார்கள். மூன்று ராத்தல் கூட இல்லை.

பாதிரியார் கள்ளங்கபடம் இல்லாதவர். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "மூன்று போனால் நாற்பத்தைந்து. இன்னும் நாலு இடிக்கிறதே?" என்றார்.

"அது ஈரக் கழிவு, தூசிக் கழிவு" என்றேன். நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மதினி குவியலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு கை பருத்தியை அள்ளிக் கசக்கிப் பார்த்தார். விரித்து எல்லாருக்கும் காட்டினார். "ஈரமா? பத்து நாளு வெயில்ல காயப்போட்டேன். கோவிலுக்குக் குடுக்கிறதாச்சேன்னு ஒரு சருகு இல்லாம எங்கையால பொறுக்கினேன். இதுல தூசி எங்கன இருக்கு தம்பி?"

மதினி கையிலிருந்த பருத்தியைக் குவியலில் போட்டார்.

"அப்ப வருசா வருசம் என் பருத்திக்கும் இப்படித்தான் கழிச்சீகளா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பாய் தலையைக் குனிந்துகொண்டு தராசுக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவரும் மண்டிக்காரர், அவருக்குத் தெரியும்.

"கடையில எல்லாருக்கும் உள்ள மாமூல்தான் மதினி" என்றேன்.

"எல்லாருக்கும்னா சரி. நம்ம வீட்டு ஆளுன்னுல்லா நான் அம்புட்டுத் தூரம் வந்தேன்" என்றார். எழுந்து சேலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு பந்திக்கு இலை போடப் போய்விட்டார். எனக்கும் இலை போட்டார். குழம்பும் ஊற்றினார். அந்தச் சோற்றை நான் எப்படி முழுங்கினேன் என்று கேட்காதீர்கள்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது மனைவி, "கொடம் கெடந்துட்டுப் போகுது. எங்கக்கா மூஞ்சிய நான் எப்படிப் பாக்க?" என்றாள்.

அடுத்த வெள்ளாமைக்கு மதினி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார்! அவர் வண்டியைப் பேட்டைக்குள் கண்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த முறை ஒரு பொட்டுக் கூடக் கழிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். மதினி கிட்டத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, இந்தத் தடவ சாக்கோட என்ன எடைன்னு சொல்லுங்க. பொறவு எம்புட்டுக் கழிக்கணுமோ, எங் கண்ணு முன்னால கழிங்க. அம்புட்டுத்தான் கேக்கேன்."

அவர் கழிக்க வேண்டாம் என்று கூடக் கேட்கவில்லை. சொல்லிவிட்டுக் கழியுங்கள் என்றுதான் கேட்டார். நான் மூட்டையைத் தூக்கினேன். மெத்தையில் சாய்ந்திருந்த முதலாளி, இவன் ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்று நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். கழிவு போக மிச்ச எடையைச் சொன்னேன். அடுத்த மூட்டைக்கும் அப்படியே சொன்னேன். கைப்பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பழக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முதலாளி பார்த்தார், நான் பயந்தேன்.

"சரி தம்பி" என்றார் மதினி.

அதற்குப் பிறகு அவர் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரோடு நின்றுவிட்டது. அங்கேயும் அதே கழிவுதான். ஆனால் அங்கே நிறுத்தவன் அவர் தங்கை புருஷன் இல்லை.

பண்டிகைக்குப் போனால் மதினி எப்போதும்போல வாங்க தம்பி என்பார், பிள்ளைகளைக் கொஞ்சுவார், பந்தியில் கேட்டுக் கேட்டுப் பரிமாறுவார். பருத்திப் பேச்சு மட்டும் வராது. யாராவது எடுத்தாலும் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் மதினி தன் தோட்டத்துப் பருத்தியைக் கொட்டை நீக்கி, பஞ்சடித்து, ஒரு தலையணை தைத்து அனுப்புவது வழக்கம். மூத்தது இரண்டுக்கும் அனுப்பியிருந்தார். இதெல்லாம் நடந்த பிறகு மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தாள். இனி எங்கே வரப்போகிறது என்று மனைவியும் நானும் ஆளுக்கு ஆள் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மகாராஜபுரத்து வண்டிக்காரர் வந்து, "ஒங்க மதினி குடுத்துவிட்டாக" என்று ஒரு பொட்டணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். பிரித்தால் தலையணை. முன்னால் வந்தவற்றை விடப் பெரியது, திணித்துத் திணித்து அடைத்தது.

மனைவி அதை முகத்தில் வைத்து அழுதாள். அப்புறம், "இந்தாங்க, செத்த பிடிங்க. பிள்ளைக்குப் பாய உதறிப் போடுதேன்" என்று என்னிடம் நீட்டினாள்.

வாங்கின மாத்திரத்தில் என் கை அதன் எடையைச் சொல்லிற்று. உறைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் சொல்லிற்று.

"ஏன் அப்படி நிக்கீக? கனமா இருக்கா?" என்றாள் மனைவி.

"நீயே பிடி" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.